பத்து வருடம் காலைப் பிடித்தவர்கள்

வணக்கம்.

வேலை விஷயமாக ஒசாகா போயிருந்தபோது அங்கே தேசிய புன்ராகு அரங்கில் பொம்மை நாடகம் பார்த்தேன். ஒரு பொம்மையை மூன்று பேர் ஆட்டுகிறார்கள். ஒருவருக்கு மட்டும் முகம் தெரிகிறது, மற்ற இருவரும் தலையோடு கால் கறுப்புத் துணி. அந்த இருவர் யார் என்று நிகழ்ச்சித்தாளில் தேடினால் பாத்திரத்துக்கு நேரே ஒரே ஒரு பெயர்தான் இருக்கிறது. நம் கும்பகோணத்துப் பொம்மலாட்டமும் நாகர்கோவில் பக்கத்துத் தோல்பாவைக்கூத்தும் இதற்கு எந்த விதத்தில் குறைச்சல்? ஒரு நல்ல தலைவர் கிடைத்து ஓர் அமைப்பாக நடத்தியிருந்தால் நாமும் இப்படி வைத்திருக்கலாம் என்று தோன்றியது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க., கோவை

அன்புள்ள க.,

கலையில் ஒரு குறைச்சலும் இல்லை. தலைவர் விஷயத்தில்தான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் அந்த இருவர். குனிந்தபடியே இருந்தாரே, அவர் கால்காரர். பொம்மையின் காலை மட்டும் பார்த்துக்கொள்வார். முகம் தெரிகிற தலைமை ஆட்டக்காரர் உயரமான மரச்செருப்பு போட்டு நிற்பதே கீழே இவருக்கு இடம் கிடைக்கத்தான். பெண் பொம்மைக்குப் பெரும்பாலும் கால் கிடையாது, கிமோனோவின் விளிம்பைப் பிடித்து அசைத்தே அவள் நடக்கிறாள், உட்காருகிறாள், பதறி ஓடுகிறாள் என்று காட்ட வேண்டும். இன்னொருவர் இடக்கைக்காரர், ஒரு கம்பியை வைத்து பொம்மையின் இடது கையை ஆட்டுகிறவர். தலைமை ஆட்டக்காரர் வாயைத் திறந்து எதுவும் சொல்வதில்லை. தோளையும் தலையையும் கொஞ்சம் அசைப்பார், மற்ற இருவருக்கும் அது போதும். காலுக்குப் பத்து வருடம், இடக்கைக்கு இன்னொரு பத்து, அதற்குப் பிறகுதான் தலை என்பது அங்கே வழக்கமாகச் சொல்கிற கணக்கு. நம் ஊரில் காலைப் பிடித்து முன்னுக்கு வருவது என்றால் வேறு அர்த்தம், அங்கே அதுதான் பள்ளிக்கூடம்.

இவர்கள் தவிர, பக்கத்து மேடையில் உட்கார்ந்து அத்தனை பாத்திரத்துக்கும் குரல் கொடுக்கிற தாயு, அவருக்குப் பக்கத்தில் ஷமிசென் என்ற மூன்று தந்தி வாத்தியம் வாசிப்பவர். திரைக்குப் பின்னால் தலைகளைச் செதுக்கிப் பழுது பார்த்து வர்ணம் பூசுகிறவர், அந்தத் தலைக்கு முடி கட்டுகிறவர், உடை தைக்கிறவர். ஆனால் உடை தைத்து வந்ததும் ஊசி நூலை எடுத்து பொம்மைக்கு அதைப் பொருத்தித் தைப்பது ஆட்டக்காரரே. மேடையில் கோட்டு போட்ட இயக்குநர் என்று ஒருவர் பழைய நாடகங்களுக்குக் கிடையாது. நீங்கள் கேட்கிற தலைவரை அங்கே தேடினால் கிடைக்கமாட்டார்.

நிர்வாகத்தில் இருந்தாரா என்றால் அதுவும் இல்லை. 1909இல் ஷோசிக்கு என்ற பெரிய நாடகக் கம்பெனி இதை வாங்கியது. 1945இல் ஒசாகாவில் குண்டு விழுந்தபோது அரங்கமும் ஏராளமான பொம்மைகளும் எரிந்துபோயின. போர் முடிந்த கொஞ்ச வருடங்களில் கலைஞர்கள் தொழிற்சங்கம் வைத்தார்கள். சம்பளம், உரிமை என்று பேச்சு வர, குழு இரண்டாக உடைந்தது, கம்பெனியோடு இருந்தவர்கள் ஒரு பக்கம், சங்கத்துக்காரர்கள் ஒரு பக்கம். ஒரு பொம்மைக்கு மூன்று பேர் வேண்டிய கலை, அதில் ஆள் பாதிப் பாதியாகப் பிரிந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பாருங்கள். அப்படியே வருடக்கணக்கில் ஓட்டினார்கள். கடைசியில் நஷ்டம் தாங்காமல் கம்பெனி கைவிட்டது. 1963இல் மத்திய அரசு, ஒசாகா மாகாணம், ஒசாகா நகராட்சி, என்ஹெச்கே ஒலிபரப்பு நிறுவனம் எல்லோரும் பணம் போட்டு புன்ராகு சங்கம் என்று ஒன்றை ஏற்படுத்த, இரண்டு குழுவும் ஒன்றாயிற்று. நீங்கள் போன ஒசாகா அரங்கம் 1984இல்தான் வந்தது.

இதில் எனக்கு முக்கியமாகப் படுவது 1972இல் தொடங்கிய பயிற்சித் திட்டம். கலைக் குடும்பத்தில் பிறந்திருக்க வேண்டியதில்லை, முன்அனுபவம் வேண்டாம், இரண்டு வருடம் கட்டணமில்லாமல் கற்றுக்கொடுத்து ஒரு குருவிடம் சேர்த்துவிடுவார்கள். இன்று மேடையில் இருப்பவர்களில் பாதிக்கு மேல் அப்படி வந்தவர்கள். யாரோ ஒரு குமாஸ்தா விண்ணப்பத்தை வாங்கி, யாரோ ஒருவர் கணக்கு எழுதி, பத்து வருடம் குனிந்து நிற்கப்போகிற பையனுக்கு வழி பண்ணுகிறார்களே, அதைத்தான் நான் அமைப்பு என்பேன். தலைவர்கள் வந்து போவார்கள், சில சமயம் வெட்டியும் விடுவார்கள். 2012இல் அப்போதைய ஒசாகா மேயர் ஹஷிமோத்தோ தோரு நகராட்சி மானியத்தைக் குறைக்கக் கிளம்பினார். போய் ஒரு நாடகமும் பார்த்தார். ஆட்டக்காரர் முகம் தெரிவது தொந்தரவாக இருக்கிறது என்று குறை சொன்னார். இருபது வருடம் முகத்தை மூடிக்கொண்டு நின்ற பிறகு அந்த முகத்தைக் காட்டுகிறார் ஐயா மனுஷன்! அப்புறம் கூட்டம் எவ்வளவு வருகிறதோ அதைப் பார்த்து மானியம் என்று ஆக்கினார்கள்.

சரி, நம் கதைக்கு வருவோம். பொம்மலாட்டத்தில் நூல்களைத் தங்கள் தலையில் ஒரு இரும்பு வளையத்தில் கட்டிக்கொண்டு, பொம்மையின் கையைக் கம்பியால் ஆட்டுவார்கள். கட்டை பொம்மை கனமானது, ஒருவரே அந்தப் பாரத்தைத் தாங்கி ஆட வேண்டும். தோல்பாவைக்கூத்தில் இன்னும் மோசம், ராமனுக்கும் ராவணனுக்கும் கோமாளி உச்சிக்குடும்பனுக்கும் ஒரே தொண்டை.

சின்ன வயதில் எங்கள் ஊர்க் கோயில் கொடையில் கூத்து போட்டபோது திரைக்குப் பின்னால் போய் எட்டிப் பார்த்திருக்கிறேன். அந்த மனிதர் பாடிக்கொண்டே இரண்டு கையாலும் பாவையை ஆட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் அவர் மனைவி, மடியில் குழந்தை, அது தூங்கிக்கொண்டிருந்தது. அடுத்த காட்சிக்கு எந்தப் பாவை வரும் என்று வரிசையாக அடுக்கி வைத்து, அவர் கை நீட்டுவதற்கு முன்னாலேயே எடுத்துக் கொடுத்தார் அந்தம்மா. ஒரு தடவைகூடத் தவறவில்லை. நடுவில் ஆர்மோனியமும் வாசித்தார். பத்து வயதுப் பையன் ஒருவன் தாளம் போட்டான். விடிந்ததும் பாத்திரம் கழுவியது, வீடு வீடாகப் போய் நெல் வாங்கி வந்தது எல்லாம் அதே மூன்று பேர்.

ஆகவே நமக்கும் அமைப்பு இருந்தது, அது குடும்பமாக இருந்தது. இடக்கைக்காரர், கால்காரர், உடைக்காரர், கணக்குப்பிள்ளை எல்லோரும் ஒரே அடுப்பில் சாப்பிட்டார்கள், சம்பளம் கிடையாது. அந்தத் தாளம் போட்ட பையன் திருப்பூருக்கு வேலைக்குப் போனால் கூத்தின் மூன்றில் ஒரு பங்கு பஸ் ஏறிவிடுகிறது. அவன் போனது சரிதான், நானாக இருந்தாலும் போயிருப்பேன். தலைவர் என்று யாரைக் கொண்டுவந்து வைத்தாலும், இந்தப் பையனுக்குப் பத்து வருடம் சோறு போட ஆள் இல்லை என்றால் பொன்னாடையும் விருதும்தான் மிஞ்சும். விருது தலைமை ஆட்டக்காரருக்குத்தான் வரும், எடுத்துக் கொடுத்த அந்தம்மாவுக்கு வராது.

புன்ராகுவை ரொம்பவும் தூக்கிப் பேசிவிட்டேனோ என்னவோ. அந்தப் பயிற்சித் திட்டத்தில் ஆண்களைத்தான் சேர்க்கிறார்கள். எங்கள் ஊர்த் திரைக்குப் பின்னால் பார்த்த அந்தம்மா ஒசாகாவில் பிறந்திருந்தால் அவருக்கு அந்த மேடையில் இடமே கிடையாது. அடுத்த முறை போனால் பாலம் தாண்டி அவாஜித் தீவுக்குப் போய்விட்டு வாருங்கள். புன்ராகு என்ற பெயருக்குக் காரணமான உஏமுரா புன்ராகுகென் அந்தத் தீவிலிருந்து ஒசாகாவுக்கு வந்தவர். அங்கே ஃபுகுரா துறைமுகத்தில் ஒரு சின்ன அரங்கம் இருக்கிறது. அதே மூன்று பேர் ஆட்டம்தான், ஆனால் அங்கே பெண்களும் உண்டு.