காகித வாசல்

அன்புள்ள ஆசிரியருக்கு,
சீனாவின் சிங் வம்ச வீழ்ச்சி பற்றிய உங்கள் கட்டுரையைப் படித்தேன். பேரரசி லோங்யு மீது ஏன் இவ்வளவு பரிவு? திரைக்குப் பின்னால் நாட்டை ஆட்டிவைத்த அத்தை சிசியின் கைப்பாவை அவர். கணவருக்கே வேண்டாதவர். 268 ஆண்டு ஆண்ட வம்சத்தை ஒரே ஆணையில் தாரை வார்த்தவர்.
ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கணவருக்கு வேண்டாதவர் என்பது சரி. பேரரசர் குவாங்சுவுக்கு அவர் மாமன் மகள். நம் ஊர் என்றால் முறைப்பெண் என்போம். கட்டிவைத்தது அத்தை. குவாங்சுவின் மனமோ ஜென் என்ற துணைவியிடம் இருந்தது. 1889இல் திருமணத்துக்குச் சில வாரங்கள் முன்பு அரண்மனையின் தைஹே வாசல் எரிந்துபோனது. திரும்பக் கட்ட நேரமில்லை, நாளைத் தள்ளிப்போடவும் மனமில்லை. காகிதமும் மரமும் வைத்து அசல் போலவே ஒரு வாசலைச் செட் போட்டுவிட்டார்கள்! கல்யாண ஊர்வலம் அதன் வழியாகத்தான் வந்தது.

அவர்மேல் எனக்கும் குறை உண்டு. கஜானா காலியாகிக்கொண்டிருந்தபோது, தண்ணீர் சூழ்ந்த கண்ணாடி மாளிகை ஒன்றைக் கட்ட ஆரம்பித்தார். அது முடியவே இல்லை. இரும்புக்கூடு இன்றும் நிற்கிறது.

ஆனால் தாரை வார்த்தார் என்கிறீர்களே, கையில் என்ன இருந்தது வார்ப்பதற்கு? 1911 அக்டோபரில் வூச்சாங்கில் படைவீரர்கள் கிளர்ந்தார்கள். மாகாணங்கள் ஒவ்வொன்றாகக் கழன்றன. குவாங்சுவுக்குப் பின் அரியணையில் இருந்தவர் சிறுவன் பூயி. அவர் சார்பில் ஆண்ட ஆட்சிப் பொறுப்பாளரும் டிசம்பரில் விலகிக்கொண்டார். ஜனவரியில் சொந்தத் தளபதிகளே குடியரசு வேண்டும் என்று தந்தி அடித்தார்கள். விட்டுக்கொடுக்கவே கூடாது என்று முழங்கிய அரச குலத் தளபதி லியாங்பி குண்டுவீச்சில் செத்ததும், வீரம் பேசிய இளவரசர்களில் சிலர் தலைநகரை விட்டே நழுவினார்கள். மிஞ்சியது அந்தப் பெண்மணியும் சின்னப் பையன் பூயியும்தான்.

பூயி பிற்காலத்தில் நினைவுகூர்ந்த காட்சி ஒன்று உண்டு. சன்னலோரம் லோங்யு கைக்குட்டையால் கண்ணைத் துடைக்கிறார். எதிரே சிவப்பு மெத்தையில் மண்டியிட்ட தடித்த கிழவரும் அழுகிறார். பெரியவர்கள் ஏன் அழுகிறார்கள் என்று பையனுக்குப் புரியவில்லை. கிழவர், பேரம் பேச வந்த பிரதமர் யுவான் ஷிகாய். அந்த அழுகையை நான் நம்பவில்லை, அது வேறு கதை.

1912 பிப்ரவரி 12 அன்று முடிதுறக்கும் ஆணை வந்தது. பையனின் பட்டம், அரண்மனையில் வாசம், ஆண்டுக்கு 40 லட்சம் தேல் (சீன எடை அளவு) வெள்ளி ஆகியவை அதற்கு ஈடாக வாக்களிக்கப்பட்டன. வெள்ளி ஒழுங்காக வரவில்லை. ஆனால் பையன் பிழைத்தான். ஆறு ஆண்டு கழித்து ரஷ்ய அரச குடும்பத்தைச் சுட்டுக் கொன்றது உங்களுக்குத் தெரியும்.

மறு ஆண்டு பிப்ரவரியில் லோங்யு இறந்தார். கொடிகளை அரைக்கம்பத்தில் இறக்கியது குடியரசு. இரங்கல் கூட்டம் நடந்தது தைஹே மண்டபத்தில். அதன் எதிரேதான் தைஹே வாசல். அதற்குள் அதை ஒழுங்காகக் கட்டி முடித்திருந்தார்கள்.