படகுல ஒரு மத்தியானம், பதிலுக்கு என்ன செய்றது?

கேள்வி: போன மாசம் பாம்பன்ல அப்பாவோட பழைய சிநேகிதர் வீட்டுக்குப் போனோம். அவங்க நாட்டுப்படகுல எங்க அஞ்சு பேரையும் ஏத்தி சாயங்காலம் வரை சுத்திக் காட்டி, படகுலயே விளமீன் குழம்பும் சோறும் போட்டாங்க. டீசல் காசு கூட வாங்கல. மனசு உறுத்துது.
- வாசகி, மதுரை

பதில்: காசை மறுபடி நீட்டாதீங்கம்மா, அந்த மாமா மனசு நோகும். உங்களுக்காக படகை விட்டா அன்னைக்குத் தொழில் கிடையாது, அது தெரிஞ்சேதான் கூட்டிட்டுப் போயிருக்காங்க, அவ்ளோ பாசம். குடும்பத்தோட மதுரைக்கு வரச் சொல்லி நாலு நாள் வச்சு அனுப்புங்க, அத்தைக்கு மல்லிப்பூ, பிள்ளைகளுக்குத் துணிமணி.

மறுபடி போறப்ப காத்தைக் கேட்டுட்டுப் போங்க. ஆடியில கச்சான், அதான் தென்மேற்குக் காத்து, அடிச்சா பாம்பனுக்குத் தெக்கே இருக்கிற தென்கடல் கொந்தளிக்கும், வடக்கே இருக்கிற வடகடல் அமைதியா கிடக்கும், கார்த்திகை வாடைக் காத்துக்கு அப்படியே தலைகீழ், அதனால அவங்க "இன்னைக்கு வேணாம்"னு சொன்னா வற்புறுத்தவே கூடாது. தீவுல இறக்கிவிடச் சொல்லியும் கேட்காதீங்க, மன்னார் வளைகுடாவுல இருக்கிற 21 தீவும் 1986லருந்து தேசியப் பூங்கா, வனத்துறை அனுமதி இல்லாம கால் வச்சா கேஸு படகுக்காரங்க மேலதான் விழும்.

எனக்குத் தோணுற நல்ல பரிசு லைஃப் ஜாக்கெட்தான். நல்லதா நாலஞ்சு வாங்கி, "படகுல கிடக்கட்டும் மாமா"ன்னு குடுங்க, கண்டிப்பா வாங்கிக்குவாங்க.