மாநகராட்சிப் பள்ளியில் ஒரு குறை: யாரிடம் போய்ச் சொல்வது?

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: என் தங்கை சிகாகோவில் இருக்கிறாள். அங்கே பள்ளிக்கூடங்களை நடத்தவென்றே ஒரு போர்டு உண்டு, அதற்குத் தனியாக ஓட்டுப் போட்டோம் என்கிறாள். நம் கார்ப்பரேஷன் பள்ளிகளுக்கும் அப்படி ஏதாவது இருக்கிறதா?
– வாசகி, கொருக்குப்பேட்டை

பதில்: இல்லை. சிகாகோவுக்கே அது புதிது. மேயர் நியமித்து வந்த அந்த வாரியத்துக்கு 2024 நவம்பரில்தான் முதல் தேர்தல் நடந்தது. 21 பேரில் 10 பேரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள், 11 பேரை மேயர் நியமித்தார். 2027 ஜனவரியிலிருந்து 21 பேருமே மக்கள் தேர்ந்தெடுத்தவர்களாக இருக்க வேண்டும் என்பது அங்குள்ள சட்டம்.

சென்னையில் நீங்கள் கவுன்சிலருக்குப் போடும் ஓட்டுதான் பள்ளிக்கும் போடும் ஓட்டு. 200 வார்டு உறுப்பினர்கள் கொண்ட மாமன்றத்தில் கல்விக்கென ஒரு நிலைக்குழு உண்டு. பள்ளிகளுக்கான பணம் மாநகராட்சி பட்ஜெட்டில் ஒதுக்கப்படுகிறது. அன்றாட நிர்வாகம் ஆணையரிடம். அவருக்குக் கீழே கல்வியைக் கவனிக்கும் இணை அல்லது துணை ஆணையர், அவருக்கடுத்துக் கல்வி அலுவலர், உதவிக் கல்வி அலுவலர்கள், பிறகு உங்கள் பள்ளித் தலைமையாசிரியர்.

ஆனால் எல்லாமே மாநகராட்சித் தலைமையகமான ரிப்பன் மாளிகையில் முடிவாவதில்லை. பாடத்திட்டத்தை வகுப்பது மாநிலக் கல்வியியல் ஆராய்ச்சி மற்றும் பயிற்சி நிறுவனம். புத்தகம் அச்சிடுவது பாடநூல் கழகம். பொதுத்தேர்வு அரசுத் தேர்வுகள் இயக்ககத்தின் வேலை. இவற்றைப் பற்றிக் கவுன்சிலரிடம் முறையிட்டுப் பயனில்லை. கட்டடம், கழிப்பறை, துப்புரவு, காவலாளி, ஆசிரியர் இடம், இவற்றைப் பற்றித் தாராளமாகக் கேட்கலாம். அரையாண்டுக்கு ஒருமுறை மாநகராட்சி வாங்கும் சொத்து வரிக்குள் கல்வி வரியும் சேர்ந்தே இருக்கிறது.

கேள்வி: எங்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளி மாநகராட்சியைச் சேர்ந்ததா, கல்வித்துறையைச் சேர்ந்ததா என்றே தெரியவில்லை. மனுவோடு போனால் ‘இங்கே இல்லை, அங்கே போங்கள்’ என்கிறார்கள்.
– வாசகர், திருவொற்றியூர்

பதில்: இந்தக் குழப்பத்துக்குக் காரணம் 2011. அந்த ஆண்டு மாநகராட்சி 155 வார்டிலிருந்து 200 வார்டாகவும், 10 மண்டலத்திலிருந்து 15 மண்டலமாகவும் விரிந்தது. திருவொற்றியூர், மணலி, மாதவரம், கத்திவாக்கம் எல்லாம் உள்ளே வந்தன. ரோடும் குப்பையும் விளக்கும் மாநகராட்சிக்கு வந்தன, பள்ளிகள் மட்டும் பல ஆண்டுகள் கல்வித்துறையிடமே இருந்தன. பிறகுதான் இணைந்த பகுதிகளின் 139 பள்ளிகளை மாநகராட்சியிடம் ஒப்படைக்க அரசு முடிவெடுத்தது. வாசலில் உள்ள பெயர்ப்பலகை பழையதாகவே இருக்கலாம், அதை மட்டும் நம்பாதீர்கள்.

தலைமையாசிரியரிடம் பள்ளியின் யூடைஸ் எண்ணை, அதாவது நாட்டின் ஒவ்வொரு பள்ளிக்கும் தரப்படும் அடையாள எண்ணைக் கேளுங்கள். 11 இலக்கம், தமிழ்நாட்டுப் பள்ளி என்றால் 33-இல் தொடங்கும். யூடைஸ் இணையதளத்தில் அதைப் போட்டால் ‘நிர்வாகம்’ என்ற இடத்தில் பள்ளி யாருடையது என்று வந்துவிடும். உள்ளாட்சி என்றிருந்தால் மாநகராட்சிக் கல்வி அலுவலர். பள்ளிக் கல்வித்துறை என்றிருந்தால் மாவட்டக் கல்வி அலுவலர். 2022-க்குப் பிறகு தொடக்கக் கல்விக்கு ஒருவர், இடைநிலைக்கு ஒருவர், தனியார் பள்ளிகளுக்கு ஒருவர் என்று பிரிந்திருப்பதால், சரியானவர் பெயரில் மனு எழுத வேண்டும். ஆதிதிராவிடர் நலப் பள்ளி என்றால் அந்தத் துறை. உதவிபெறும் பள்ளி என்றால் முதலில் பள்ளிச் செயலர்.

கேள்வி: பெண்கள் கழிப்பறையில் தாழ்ப்பாள் இல்லை, குழாயில் தண்ணீர் இல்லை. கவுன்சிலரிடம் வாய்மொழியாகச் சொன்னோம். ஒன்றும் நடக்கவில்லை.
– பெற்றோர் சிலர், புளியந்தோப்பு

பதில்: வாயால் சொன்னதற்குக் கோப்பு கிடையாது, அதனால்தான் நடக்கவில்லை. உங்கள் கையில் இருக்கும் பலமான கருவி பள்ளி மேலாண்மைக் குழு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 21-இன்படி இதில் முக்கால் பங்கு பெற்றோர், மொத்தத்தில் பாதிப் பேர் பெண்கள். தமிழ்நாட்டில் தலைவரும் ஒரு பெற்றோர்தான். 2024-இல் மாற்றி அமைத்தபோது முன்னாள் மாணவர்களையும் சேர்த்தார்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும், வரும் மானியம் எப்படிச் செலவாகிறது என்று பார்ப்பதும் இந்தக் குழுவின் சட்டப்படியான வேலை. நிறையப் பள்ளிகளில் அம்மாக்களை வரவழைத்துக் கையெழுத்து மட்டும் வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார்கள். தீர்மானத்தைப் படித்துக் காட்டாமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

தீர்மானம் எழுதுவதில்தான் பாதி மனுக்கள் தோற்றுப்போகின்றன. ‘கழிப்பறை வசதி செய்து தர வேண்டும்’ என்று எழுதினால், ‘வசதி உள்ளது’ என்று ஒரு வரியில் பதில் வந்து கோப்பு மூடப்படும். இப்படி எழுதுங்கள்: ‘முதல் மாடி, மாணவியர் கழிப்பறை. 4 அறைகளில் 2-க்குத் தாழ்ப்பாள் இல்லை. 3 குழாய்களில் 2 வேலை செய்யவில்லை. மேல்தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. 6 முதல் 8 வரை படிக்கும் மாணவியர் பயன்படுத்துகிறார்கள்.’ இடம், எண்ணிக்கை, பாதிப்பு மூன்றும் இருந்தால்தான் உதவிப் பொறியாளரால் மதிப்பீடு போட முடியும். மதிப்பீடு இல்லாமல் நிதி ஒப்புதல் கிடையாது, ஒப்புதல் இல்லாமல் வேலை கிடையாது. தீர்மானம் பள்ளிக் கல்வித்துறையின் பெற்றோர் செயலியில் (TNSED Parents) ஏற்றப்பட்டதா என்று அன்றே பாருங்கள்.

தாழ்ப்பாள், குழாய் போன்ற சில்லறை வேலைக்குப் பொறியாளர் வரும்வரை காத்திருக்க வேண்டியதே இல்லை. மத்திய, மாநில அரசுகள் சேர்ந்து நிதி தரும் சமக்ர சிக்ஷா திட்டத்தின் பள்ளி மானியம் மாணவர் எண்ணிக்கையைப் பொறுத்தது: 30 பேர் வரை 10,000 ரூபாய், 100 வரை 25,000, 250 வரை 50,000, 1,000 வரை 75,000, அதற்கு மேல் 1 லட்சம். குறைந்தது 10 சதவீதம் தூய்மைப் பணிக்குப் போக வேண்டும் என்பது விதி. 2024–25-இல் இந்தத் திட்டத்துக்கான மத்திய அரசின் பங்கு தமிழ்நாட்டுக்கு வராமல் நின்றதும் உண்மை. ஆகவே ‘மானியம் வந்ததா, எவ்வளவு, எதற்குச் செலவானது’ என்பதைக் குழுக் கூட்டத்திலேயே கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

பெரிய வேலை என்றால் தீர்மான நகலோடு இரண்டு பிரதி மனு. ஒன்றைக் கொடுத்து மற்றதில் முத்திரையும் தேதியும் வாங்குங்கள். கூடவே மாநகராட்சியின் 1913 தொலைபேசி எண்ணில் புகார் பதிந்து, அந்தப் புகார் எண்ணை மனுவின் தலைப்பில் எழுதுங்கள். வேலை முடியாமலே புகார் முடிந்ததாகக் காட்டினால், தேதி தெரியும் படத்தோடு மறுபடி பதியுங்கள். இன்னொன்று: புளியந்தோப்பு வட சென்னைதான், ஆனாலும் உங்கள் 6-ஆவது மண்டலம், அதாவது திரு.வி.க. நகர், மத்திய வட்டாரத் துணை ஆணையரின் கீழ் வருகிறது. வடக்கு வட்டாரம் 1 முதல் 5 வரைதான். முகவரி மாறினால் மனு அலைந்துகொண்டே இருக்கும்.

கேள்வி: ஆகஸ்டில் வீடு மாறி வந்தோம். டி.சி. வரவில்லை, பிறப்புச் சான்றிதழும் இல்லை என்று மூன்றாம் வகுப்பில் சேர்க்க மறுக்கிறார்கள்.
– வாசகி, வியாசர்பாடி

பதில்: மறுக்கக் கூடாது. கல்வி உரிமைச் சட்டத்தில் பிரிவு 14 வயதுச் சான்று இல்லை என்பதற்காகவும், பிரிவு 15 காலம் கடந்துவிட்டது என்பதற்காகவும், பிரிவு 5 மாற்றுச் சான்றிதழ் தாமதம் என்பதற்காகவும் சேர்க்கையை மறுப்பதைத் தடுக்கின்றன. எட்டாம் வகுப்புவரை இது பொருந்தும். சேர்க்கை விண்ணப்பத்தின் கீழே இந்த மூன்று எண்களையும் எழுதிக் கொடுங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் தரச் சொல்லுங்கள்.

கேள்வி: மாநகராட்சி நினைத்தால் பள்ளியில் சொந்தமாக ஏதாவது செய்ய முடியுமா? இல்லை, எல்லாமே கோட்டையிலிருந்துதான் வர வேண்டுமா?
– கல்லூரி மாணவர், பழைய வண்ணாரப்பேட்டை

பதில்: முடியும். உங்கள் ஊர்க் கல்லூரி யார் பெயரில் இருக்கிறதோ அந்தப் பிட்டி தியாகராயர் தலைமையில், 1920 செப்டம்பர் 16-இல் மாநகராட்சி மன்றம் போட்ட தீர்மானத்தால்தான் ஆயிரம் விளக்குப் பள்ளியில் சிற்றுண்டி தொடங்கியது. ஒரு மாணவருக்கு ஒரு நாளைக்கு ஓர் அணாவுக்கு மிகாமல் செலவு. மாநிலத்துக்கே வழிகாட்டியது ஒரு நகர மன்றத்தின் தீர்மானம்.

கேள்வி: எட்டாம் வகுப்புக்குக் கணக்கு ஆசிரியர் மாதக்கணக்கில் இல்லை.
– பெற்றோர், தண்டையார்பேட்டை

பதில்: 6 முதல் 8 வரை 35 மாணவருக்கு ஓர் ஆசிரியர், அதிலும் கணக்கு–அறிவியலுக்குக் கட்டாயம் ஒருவர் என்கிறது கல்வி உரிமைச் சட்டத்தின் அட்டவணை. அனுமதிக்கப்பட்ட இடங்களில் 10 சதவீதத்துக்கு மேல் காலியாக இருக்கக் கூடாது என்கிறது பிரிவு 26. ஆசிரியர் இருந்தும் வேறு பணிக்கு அனுப்பப்பட்டிருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, பேரிடர் நிவாரணம், தேர்தல் தவிர வேறெதற்கும் அவரை எடுக்கக் கூடாது என்கிறது பிரிவு 27.

முதலில் தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டி மூன்றே கேள்வி கேளுங்கள்: அனுமதிக்கப்பட்ட இடங்கள் எத்தனை, நிரம்பியவை எத்தனை, கணக்கு ஆசிரியர் இடம் எந்தத் தேதியிலிருந்து காலி. ‘ஏன் நியமிக்கவில்லை’ என்று கேட்காதீர்கள். அது தகவல் அல்ல என்று தள்ளிவிடுவார்கள். 30 நாளில் பதில் வர வேண்டும், வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. அந்தப் பதிலை இணைத்து, கல்வி உரிமைச் சட்டத்தின் பிரிவு 32-இன் கீழ் மாநகராட்சிக்கு எழுத்துப்பூர்வமாகப் புகார் கொடுங்கள். உங்கள் தரப்பைக் கேட்டு மூன்று மாதத்துக்குள் அது முடிவெடுக்க வேண்டும். முடிவு திருப்தி தராவிட்டால் மாநிலக் குழந்தைகள் உரிமைகள் பாதுகாப்பு ஆணையத்துக்கு மேல்முறையீடு செய்யலாம். பரீட்சை நெருங்கும்வரை பொறுக்காதீர்கள். மூன்று மாதம் என்பது ஒரு கல்வியாண்டில் பெரிய துண்டு.