ஆழ்மனத்துக்கு ரசீது உண்டா?

கேள்வி: ஆழ்மனம் பற்றிய ஃப்ராய்டின் கோட்பாடே நிற்காது என்கிறார்கள். அப்படியானால் ஆழ்மனத்தைப் பேச்சால் தோண்டும் உளப்பகுப்பாய்வுச் சிகிச்சையும் ஏமாற்றுதானே?

பதில்: இரண்டும் வேறு வேறு சரக்கு. கோட்பாட்டில் பாதியைச் சோதிக்கவே வழியில்லை. சிகிச்சையைச் சோதிக்கலாம்; சோதித்தும் இருக்கிறார்கள். நெதர்லாந்தில் 2013இல் வெளியான ஆய்வில், மனச்சோர்வுள்ள 341 பேரைக் குலுக்கல் முறையில் பிரித்தார்கள். ஒரு பிரிவுக்கு ஃப்ராய்டு வழிவந்த குறுகிய காலப் பேச்சுச் சிகிச்சை, இன்னொன்றுக்கு சிபிடி, அதாவது எண்ணத்தையும் பழக்கத்தையும் மாற்றப் பயிற்சி தரும் சிகிச்சை. தலா 16 செஷன். பலனில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. ஆனால் முழுதாகத் தேறியவர்கள் இரண்டிலுமே நாலில் ஒருவருக்கும் குறைவு. இதை யாரும் விளம்பரத்தில் போடுவதில்லை.

கேள்வி: நண்பர் ஒரே வருடத்தில் தேறிவிட்டார். இந்தச் சான்று போதாதா?

பதில்: போதாது. காந்தக் காப்பு வாங்கி மாட்டிய மூன்றாம் வாரம் என் மூட்டுவலியும்தான் போனது.

கேள்வி: உளப்பகுப்பாய்வுக்கு வாரம் 4 நாள், 3 வருடம் போனேன். முன்னேற்றமே இல்லை என்றதும், “அது உங்கள் எதிர்ப்பு” என்றார் சிகிச்சையாளர். தப்பு என்மேலா?

பதில்: இல்லவே இல்லை. எனக்கு ஆகவே ஆகாத சொல் இந்த ‘எதிர்ப்பு’: உங்கள் ஆழ்மனமே சிகிச்சையைத் தடுக்கிறதாம். அவர் விளக்கத்துக்கு நீங்கள் “ஆமாம்” என்றால் விளக்கம் சரி. “இல்லை” என்றால் எதிர்ப்பு, அப்போதும் விளக்கம் சரி. மிக்ஸி ஓடவில்லை என்று போனால், உங்களுக்குச் சட்னி பிடிக்காது என்கிற கடைக்காரர்! முதல் நாளே, மனச்சோர்வை அளக்கும் பிஎச்க்யூ-9 கேள்வித்தாளை நிரப்பச் சொல்லியிருக்க வேண்டும். 9 கேள்வி, 27 மதிப்பெண், ஐந்து நிமிட வேலை. மாதாமாதம் அதையே நிரப்பினால், இறங்குகிறதா இல்லையா என்று தாளே சொல்லிவிடும். பலன் இல்லாமலே இழுத்த பழைய கதை ஒன்று: 1979இல் அமெரிக்க மருத்துவர் ஒஷெராஃப், கடும் மனச்சோர்வோடு ஏழு மாதம் மருத்துவமனையில் கிடந்தார். மருந்தே தராமல் உளப்பகுப்பாய்வு வழிப் பேச்சு மட்டும்தான். உடம்பு இளைத்துக்கொண்டே போனது. வேறு இடத்தில் மருந்து கொடுத்ததும் சில மாதங்களில் வீடு திரும்பினார், பிறகு முதல் மருத்துவமனைமேல் வழக்கும் போட்டார். உங்களுக்கு நடந்ததும் அதே வகைதான். இரண்டாம் கருத்து கேளுங்கள்.

கேள்வி: நாள் கூடினால் பலனும் கூடுமாமே?

பதில்: நோயைப் பொறுத்தது. லண்டனில் தீராத மனச்சோர்வுள்ள 129 பேரிடம் நடந்த ஆய்வில், 18 மாத உளப்பகுப்பாய்வு வழிச் சிகிச்சை முடிந்தபோது, வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களோடு பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால், மனச்சோர்வு வரையறைக்கு வெளியே வந்தவர்கள் 44 சதவீதம்; வழக்கமான கவனிப்பில் 10. நல்ல எண்தான், சமநேரம் கொடுத்த வேறு சிகிச்சையோடு ஒப்பிடவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள். புலிமியா என்னும் உணவுக் கோளாறில் கதை தலைகீழ். கோபன்ஹேகனில் 70 பேர்: இரண்டு வருட உளப்பகுப்பாய்வு வழிச் சிகிச்சையில் அளவின்றித் தின்பதும் வாந்தியெடுப்பதும் நின்றது 15 சதவீதத்தினருக்கு, ஐந்தே மாத சிபிடியில் 44.

கேள்வி: எனக்கு ஓசிடி, வேண்டாத எண்ணம் விடாமல் வந்து ஒரே செயலைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் நோய்; கை கழுவிக்கொண்டே இருக்கிறேன். ஒரு வருட உளப்பகுப்பாய்வுக்கு முன்பணம் கட்டிவிட்டேன். சரிதானே?

பதில்: கட்டிவிட்டுக் கேட்கிறீர்கள்! ஓசிடிக்குச் சான்று இருப்பது வேறொன்றுக்கு: அழுக்கைத் தொட்டுவிட்டுக் கழுவாமல் இருக்கப் படிப்படியாகப் பழக்கும் சிகிச்சை, தேவைப்பட்டால் மருந்து. மீதியைத் திருப்பிக் கேளுங்கள், எழுத்தில்.