ஏழு பேருக்கு ஒரே பாஸ்வேர்டு: ஞாயிறு இரவு உள்ளே வந்தது யார்?

கேள்வி: ஈரோட்டில் ஆடிட்டர் அலுவலகம் நடத்துகிறேன். மொத்தம் ஏழு பேர். விண்டோஸ் 11 ப்ரோ போட்ட ஒரு கம்ப்யூட்டரைத்தான் 'சர்வர்' என்று சொல்லிக்கொள்கிறோம். அது எப்போதும் ஓடிக்கொண்டே இருக்கும், கிளையன்ட் ஃபைல்கள் எல்லாம் அதில்தான். 'ஆபீஸ்' என்று ஒரே யூசர், ஒரே பாஸ்வேர்டு. போன ஞாயிறு இரவு 11 மணிக்கு ஓர் எக்செல் ஃபைல் திருத்தப்பட்டதாகக் காட்டுகிறது. அன்று அலுவலகம் பூட்டியிருந்தது. இரண்டு மாதம் முன்பு நின்றுபோன உதவியாளர் மேல் சந்தேகம். கடைக்காரர் ஃபயர்வால் பெட்டி வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வேண்டாம். ஃபயர்வால் என்பது வெளியிலிருந்து வரும் இணைப்புகளை வடிகட்டும் பெட்டி. சரியான பாஸ்வேர்டோடு வருகிறவரை அது பெரும்பாலும் உங்கள் ஆள் என்றே எடுத்துக்கொள்ளும்.

எதையும் மாற்றுவதற்கு முன் தடயத்தை எடுத்து வையுங்கள். கம்ப்யூட்டரில் நடந்தவற்றைக் காட்டும் விண்டோஸின் 'ஈவென்ட் வியூவர்' வசதியில், யார் நுழைந்தார் என்பது இருக்கும் 'செக்யூரிட்டி' பதிவைத் திறந்து, முழுவதையும் ஒரு பென்டிரைவில் சேமியுங்கள். அந்தப் பதிவுக்கு விண்டோஸ் ஒதுக்கும் இடம் வழக்கமாக 20 எம்பிதான். நிரம்பினால் பழையவை தானாக அழியும், ஆகவே இன்றைக்கே செய்யுங்கள். பிறகு அதில் ஞாயிறு இரவைத் தேடுங்கள். ஒவ்வொரு பதிவுக்கும் ஓர் 'ஈவென்ட் ஐடி' எண் இருக்கும்: 4624 என்றால் ஒருவர் லாகின் ஆகியிருக்கிறார், 4625 என்றால் முயன்று தோற்றிருக்கிறார். கூடவே 'லாகான் டைப்' என்று ஓர் எண் இருக்கும்: 2 என்றால் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து நுழைந்தது, 3 என்றால் ஷேர் ஃபோல்டர் போன்ற நெட்வொர்க் வழி, 10 என்றால் விண்டோஸின் 'ரிமோட் டெஸ்க்டாப்' வழியாகத் தூரத்திலிருந்து நுழைந்தது.

எனிடெஸ்க் என்ற ரிமோட் சாஃப்ட்வேர் வழியாக யாராவது வந்திருந்தால் அந்த 10 விழாது. அது ஏற்கெனவே திறந்திருக்கும் திரையை அப்படியே தூரத்திலிருந்து இயக்குகிறது. யார் எப்போது இணைந்தார்கள் என்பதற்கு அதற்கே தனிப் பதிவுக் கோப்பு உண்டு, அதையும் நகல் எடுங்கள். டேலி கணக்கு சாஃப்ட்வேரைச் சரிசெய்ய எனிடெஸ்க்கை எப்போதோ போட்டு, ஆள் இல்லாமலே இணைய ஒரு நிரந்தர பாஸ்வேர்டும் கொடுத்துவிட்டு மறந்துபோன அலுவலகங்கள் ஏராளம். என் முதல் சந்தேகம் அங்கேதான்.

உதவியாளரை மட்டும் அவசரப்பட்டுக் கூப்பிட்டுக் கேட்காதீர்கள். அந்த ஃபோல்டர் மைக்ரோசாஃப்டின் இணையச் சேமிப்பான ஒன்டிரைவில் இணைந்திருந்தால், உங்கள் ஊழியர் ஒருவர் வீட்டில் உட்கார்ந்து நேர்மையாக வேலை பார்த்ததுகூட 11 மணி என்று காட்டும். எக்செல்லில் 'இன்ஃபோ' பக்கத்தில் கடைசியாகத் திருத்தியவர் பெயர் இருக்கிறதா பாருங்கள். சில நேரம் அதுவே போதும். விண்டோஸைக் கேட்டுப் பயனில்லை. எந்த ஃபைலை யார் தொட்டார் என்பதை நாம் தனியாக இயக்கி வைக்காதவரை அது குறித்து வைப்பதில்லை. வைத்திருந்தாலும் 'ஆபீஸ்' என்றுதான் சொல்லும். ஏழு பேரும் 'ஆபீஸ்', போனவரும் 'ஆபீஸ்'. உங்கள் உண்மையான ஓட்டை இதுதான்.

ஆகவே பதிவுகளை எடுத்து முடித்த கையோடு 'ஆபீஸ்' பாஸ்வேர்டை மாற்றி, எனிடெஸ்க்கை நீக்கிவிடுங்கள். பிறகு ஒவ்வொருவருக்கும் தனி யூசர், எல்லோருக்கும் 'ஸ்டாண்டர்ட்' நிலை. அட்மினிஸ்ட்ரேட்டர் கணக்கு உங்களிடம் மட்டும். சாஃப்ட்வேர் நிறுவுவதற்குத் தவிர அதில் நீங்களும் உட்காரக் கூடாது. எல்லோரும் புது யூசருக்கு மாறியதும் 'ஆபீஸ்' கணக்கை முடக்குங்கள். ஷேர் ஃபோல்டரில் எல்லோருக்கும் அனுமதி தரும் 'எவ்ரிஒன்' என்பதை எடுத்துவிட்டு, ஜிஎஸ்டி பார்ப்பவருக்கு ஜிஎஸ்டி ஃபோல்டர், டிடிஎஸ் பார்ப்பவருக்கு டிடிஎஸ் ஃபோல்டர் என்று பிரித்துக் கொடுங்கள். முக்கிய ஃபோல்டர்களில் எந்த ஃபைலை யார் தொட்டார் என்று குறித்து வைக்கும் விண்டோஸின் 'ஆடிட்டிங்' வசதியை இயக்கி, பதிவின் அளவையும் கூட்டுங்கள். ஊழியர்கள் ஒரு வாரம் முணுமுணுப்பார்கள், பரவாயில்லை.

பாஸ்வேர்டு நீளமாக இருக்கட்டும், மாதாமாதம் மாற்றச் சொல்லாதீர்கள். அப்படிக் கட்டாயப்படுத்தினால் மக்கள் கடைசியில் ஓர் எண்ணை மட்டும் கூட்டுவார்கள். அமெரிக்க அரசின் தரநிர்ணய அமைப்பான நிஸ்டே 2017-ல் அந்தப் பழக்கத்தைக் கைவிடச் சொல்லிவிட்டது. மாற்ற வேண்டிய நேரம் இரண்டு: கசிந்ததாகச் சந்தேகம் வரும்போது, பாஸ்வேர்டு தெரிந்த ஒருவர் வேலையை விடும்போது. உங்களுக்கு இப்போது இரண்டும் சேர்ந்து வந்திருக்கிறது.

இது புதுப் பிரச்சினை அல்ல. ஒரே கம்ப்யூட்டரைப் பலர் பகிர்ந்துகொண்ட எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1962-லேயே ஆலன் ஷெர் என்ற ஆய்வு மாணவர், தனக்கு ஒதுக்கிய நேரம் போதவில்லை என்று, எல்லோருடைய பாஸ்வேர்டு பட்டியலையும் அச்செடுத்துக்கொண்டார். அவர் வெளியாள் அல்ல, உள்ளே அனுமதி பெற்றவர்தான்.

பட்டியல் என்றதும்தான்: கிளையன்ட்களின் வருமான வரி, ஜிஎஸ்டி பாஸ்வேர்டுகளை ஓர் எக்செல்லில் வைத்திருப்பீர்களே? திருத்தப்பட்டது அந்த ஃபைலா என்று முதலில் பாருங்கள். இல்லாவிட்டாலும், போனவர் அதை நகல் எடுத்திருக்கலாம் என்று வைத்துக்கொண்டே நடக்க வேண்டும். அத்தனையையும் மாற்றி, பாஸ்வேர்டுகளைப் பூட்டி வைக்கும் சாஃப்ட்வேரான ஒரு பாஸ்வேர்டு மேனேஜரில் ஏற்றுங்கள். வருமான வரி இணையதளத்தில் ஓடிபி இல்லாமல் நுழைய முடியாதபடி 'ஹையர் செக்யூரிட்டி' வசதி இருக்கிறது, போடுங்கள். போனவருடைய மொபைல் எண் எந்தக் கணக்கிலாவது ஓடிபிக்குப் பதிவாகியிருக்கிறதா என்றும் தேடுங்கள். கம்ப்யூட்டரிலேயே சொருகி விட்டிருக்கும், கிளையன்ட்களின் டிஜிட்டல் கையெழுத்து உள்ள டிஎஸ்சி டோக்கன்களைக் கழற்றிப் பீரோவில் வையுங்கள்.

வெளியாள் நுழைந்தது உறுதியானால், தெரிந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் சைபர் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. பதிவுகளை 180 நாள் வைத்திருக்கச் சொல்வதும் அதே உத்தரவுதான். தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 43, 66-ஆம் பிரிவுகளின் கீழ் சைபர் கிரைம் காவல் நிலையத்தில் புகார் கொடுக்கலாம். பென்டிரைவில் எடுத்து வைத்த பதிவுகளைக் கையோடு கொண்டுபோங்கள்.