ரயில் சிமுலேட்டரில் நிலத்தடி மெட்ரோ பாதை அமைக்க எங்கிருந்து தொடங்க வேண்டும்?

கேள்வி கேட்டவர் இரண்டு விடயங்களை ஒன்றாகக் கேட்டிருக்கிறார். கணினி ரயில் விளையாட்டுகளில் சொந்தமாக ஒரு மெட்ரோ பாதையை உருவாக்க எந்த மென்பொருள் ஏற்றது என்பது ஒன்று. சுரங்கத்துக்குள் மரமோ வீடோ வயலோ இல்லாதபடியால், தரைக்கு மேலே செல்லும் பாதையைவிட அது இலகுவாகத்தானே இருக்கும் என்பது மற்றது. இரண்டாவதற்கு முதலில் விடை சொல்கிறேன். முதலாவதற்கான விடை அதிலிருந்துதான் பிறக்கிறது.

காட்சிப் பொருட்களை அடுக்கும் வேலை குறைவு என்பது உண்மை. ஆனால் தரைக்கு மேலே தண்டவாள அமைப்பில் உள்ள குறைகளை மரங்களும் கட்டடங்களும் மறைத்துவிடும். நிலத்தடியில் சாரதிக்கு மிஞ்சுவது வேகம், ஓசை, முன்விளக்கின் வெளிச்சம், அடுத்த சமிக்ஞை ஆகியவை மட்டுமே. ஆகவே நிலத்தடிப் பாதையின் உயிர் அதன் நெடுக்குவெட்டில், அதாவது எந்த இடத்தில் எவ்வளவு ஏற்றம், எவ்வளவு இறக்கம் என்பதில் இருக்கிறது. அதைக் காகிதத்தில் வரைந்து முடிக்கும் வரை மென்பொருளைத் திறக்கவே வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து.

நான் வெள்ளவத்தையில் வசிக்கிறேன். கொழும்பில் நிலத்தடி ரயில் கிடையாது. மாலபேயிலிருந்து கோட்டைக்கு ஜப்பானியக் கடனுதவியுடன் திட்டமிடப்பட்ட இலகு ரயில் பாதையும் தூண்களின் மேல் செல்வதாகவே வரையப்பட்டிருந்தது. அதுவும் 2020இல் கைவிடப்பட்டது. ஆகவே கோட்டையிலிருந்து காலி வீதிக்கு அடியால் தெஹிவளை வரை செல்லும் கற்பனைப் பாதை ஒன்றை ஓய்வு நேரங்களில் அமைத்து வருகிறேன். பாதை கற்பனை என்றாலும் அதன் ஒவ்வோர் ஏற்றத்துக்கும் வளைவுக்கும் பொறியியல் காரணம் இருக்க வேண்டும் என்று விரும்புவதால், உலகின் பழைய நிலத்தடிப் பாதைகள் எப்படி அமைக்கப்பட்டன என்பதைத் தேடிப் படிக்க வேண்டியிருந்தது.

அப்படிப் படித்தவற்றுள் எனக்கு மிகவும் பயன்பட்டது லண்டனின் சென்ட்ரல் பாதை. 1900இல் திறக்கப்பட்ட அந்தப் பாதையில் நிலையங்களைச் சிறு மேடுகளின் உச்சியில் இருக்கும்படி அமைத்தார்கள். ரயில் நிலையத்தை நெருங்கும்போது 60க்கு 1 என்ற அளவில், அதாவது 60 மீற்றர் தூரத்துக்கு 1 மீற்றர் உயரம் என்ற அளவில் ஏறும்; புறப்படும்போது 30க்கு 1 என்ற அளவில் இறங்கும். ஏறும்போது ரயிலின் வேகத்தை மேடே குறைத்துவிடுவதால் பிரேக்கின் தேய்மானம் குறைகிறது. இறங்கும்போது புவியீர்ப்பே தள்ளிவிடுவதால் மோட்டாருக்குச் சுமை குறைகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் இதன் பலன் தெளிவாகத் தெரியும். மேட்டின் உயரம் 3 மீற்றர் என்று வைத்துக்கொள்வோம். 60க்கு 1 என்றால் ஏற்றத்தின் நீளம் 180 மீற்றர். 30க்கு 1 என்றால் இறக்கத்தின் நீளம் 90 மீற்றர். மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்தில் வரும் ரயில், உராய்வைக் கணக்கில் எடுக்காமலேயே, மேட்டின் உச்சியை அடையும்போது ஏறக்குறைய 42 கிலோமீற்றருக்குக் குறைந்திருக்கும். பிரேக்கைத் தொடுவதற்கு முன்னரே 8 கிலோமீற்றர் வேகம் கழிந்துவிட்டது. இந்த மேட்டை வைக்காமல் தட்டையாகப் பாதை போட்டால், சுவர்களை எவ்வளவு அழகாக வரைந்தாலும், அது லண்டன் பாதையை ஓட்டும் அனுபவத்தைத் தராது.

எங்கள் தொடர்மாடியில், ரயில் சாரதியாக இருந்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். மலையகப் பாதையின் 44க்கு 1 ஏற்றங்களில் பல காலம் வண்டி ஓட்டியவர். என் பாதையை ஓட்டிப் பார்த்துவிட்டு அவர் சொன்னது இதுதான்: “தம்பி, திரையைப் பார்க்காமல் மோட்டார் சத்தத்தை மட்டும் கேட்டாலும் ஏறுகிறோமா இறங்குகிறோமா என்று தெரிய வேண்டும்.” அன்று முதல் அந்த அளவுகோலைத்தான் நான் பயன்படுத்துகிறேன்.

கொழும்புக்கு இதைப் பொருத்தும்போது நிலம் தன் நிபந்தனைகளை விதிக்கிறது. நகரம் கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர் உயரத்திலேயே இருக்கிறது. இடையில் கால்வாய்கள் குறுக்கிடுகின்றன. காலி வீதி வெள்ளவத்தைக் கால்வாயைக் கடக்கும் இடத்தில் சுரங்கம் கால்வாயின் அடித்தளத்துக்கும் கீழே செல்ல வேண்டும். இயந்திரத்தால் துளைக்கும் சுரங்கத்துக்கு மேலே குறைந்தது அதன் விட்டம் அளவுக்காவது மண் இருக்க வேண்டும் என்பது பொதுவான நடைமுறை. சுரங்கத்தின் வெளிவிட்டம் 6 மீற்றர் என்றால், தண்டவாளம் கால்வாயின் அடித்தளத்திலிருந்து ஏறக்குறைய 11 மீற்றர் ஆழத்தில் அமையும். பம்பலப்பிட்டி நிலையத்திலிருந்து அந்த ஆழத்துக்கு இறங்கி, மீண்டும் வெள்ளவத்தை நிலையத்துக்கு ஏற வேண்டும். பாதையின் மிகத் தாழ்ந்த புள்ளி அதுவாகிவிடுவதால் கசியும் நீர் அங்கேதான் சேரும். எனவே நீரிறைக்கும் அறை ஒன்றும், அதற்குச் செல்லும் கதவும், சுவரோரம் ஓடும் குழாயும் அங்கே இருந்தாக வேண்டும். இப்படி ஒரு கால்வாய் ஏற்றத்தையும் இறக்கத்தையும் மட்டுமன்றிச் சுவரில் என்ன இருக்க வேண்டும் என்பதையும் தீர்மானித்துவிடுகிறது. சுரங்கத்துக்குள் கட்டுவதற்கு ஒன்றுமில்லை என்பவர்களுக்கு நான் காட்டும் இடம் இது.

வளைவுகளும் காரணமில்லாமல் வருவதில்லை. சென்ட்ரல் பாதையைத் தனியார் கட்டடங்களுக்கு அடியால் கொண்டுபோவதைத் தவிர்ப்பதற்காகவே வீதிகளைப் பின்பற்றி அமைத்தார்கள். வீதி ஒடுங்கிய இடங்களில் இரண்டு சுரங்கங்களை அருகருகே வைக்க முடியாமல் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்தார்கள். நொட்டிங் ஹில் கேட், சான்சரி லேன், செயின்ட் போல்ஸ் ஆகிய நிலையங்களில் இதை இன்றும் காணலாம். காலி வீதி பெரும்பாலும் நேராகச் செல்வதால் என் பாதையில் கடுமையான வளைவுகள் கோட்டைப் பகுதியில் மட்டுமே வருகின்றன. தண்டவாள அகலத்தையும், அதாவது இரு தண்டவாளங்களுக்கும் இடையிலான தூரத்தையும், தொடக்கத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். இலங்கை ரயில் பாதையும் கொல்கத்தா மெட்ரோவின் 1984இல் திறக்கப்பட்ட முதற் பாதையும் 1676 மில்லிமீற்றர் அகலத்தவை. லண்டனும் சென்னை மெட்ரோவும் 1435. நான் இரண்டாவதைத் தெரிவு செய்தேன்.

இப்போது மென்பொருளுக்கு வருவோம். பெரும்பாலான சிமுலேட்டர்களில் நிலம் என்பது உயரங்களால் ஆன ஒரு மெல்லிய விரிப்பு; அதற்குள் குகை கிடையாது. 2001இல் வந்த மைக்ரோசொஃப்ட் டிரெயின் சிமுலேட்டரில் அந்த விரிப்பின் புள்ளிகள் 8 மீற்றர் இடைவெளியில் இருக்கின்றன. அதன் பாதைகளை இலவசமாக ஓட்டித் தரும் ஓப்பன் ரெயில்ஸும் அதே அமைப்பையே பயன்படுத்துகிறது. டிரெயின்ஸ் (Trainz) என்ற சிமுலேட்டர் தொடரில் நீண்ட காலம் 10 மீற்றர், பின்னர் 5 மீற்றர் என்று இருந்தது. 6 மீற்றர் அகலமான சுரங்கவாயை 10 மீற்றர் கட்டத்தில் திறந்தால் இருபுறமும் ஓட்டை தெரியும். அதை மறைக்கத் தனியாகச் சுவர் வைக்க வேண்டும். ரயில் ஒருமுறை உள்ளே போய்விட்டால் நிலத்தின் தொல்லை தீர்ந்தது; ஆயினும் வெயில் சுவரைத் தாண்டி உள்ளே விழுவது பழைய சிமுலேட்டர்களின் இயல்பு என்பதால், சுவர்ப் படங்களை இருண்டதாகவே தயாரிக்க வேண்டும்.

முழுக்க முழுக்க நிலத்தடிப் பாதை என்றால் நான் ஓப்பன்பிவிஇ மென்பொருளைப் பரிந்துரைக்கிறேன். அதில் நிலம் என்ற விரிப்பே கிடையாது. தொடக்கத்திலிருந்து இத்தனை மீற்றரில் இந்த வளைவு, இந்தச் சரிவு, இந்தச் சுவர் என்று ஓர் உரைக் கோப்பில் எழுதிக்கொண்டே போகலாம். காகிதத்தில் வரைந்த நெடுக்குவெட்டு அப்படியே கோப்பாகிறது. சரிவை ஆயிரத்துக்கு எத்தனை என்று தர வேண்டும். 60க்கு 1 என்பது 16.7, 30க்கு 1 என்பது 33.3, இறக்கமானால் முன்னால் கழித்தல் குறி. ஒரு சரிவிலிருந்து மற்றொன்றுக்கு ஒரேயடியாகத் தாவாமல், சில படிகளாக மாற்றுங்கள்; இல்லாவிட்டால் முன்விளக்கின் ஒளி தண்டவாளத்தில் முறிந்து தெரியும்.

இதில் ஒரு நுணுக்கத்தைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். அந்த மென்பொருள் பாதையை வழமையாக 25 மீற்றர் துண்டுகளாகப் பிரித்துக்கொள்கிறது. ஆரை 300 மீற்றர் உள்ள வளைவில் 25 மீற்றர் நீளமான நேர்த்துண்டு ஒன்றை வைத்தால், அதன் நடுப்பகுதி உண்மையான வளைவிலிருந்து ஏறக்குறைய 26 சென்ரிமீற்றர் விலகி நிற்கும். திறந்த வெளியில் எவரும் அதைக் கவனிக்கப் போவதில்லை. குறுகிய சுரங்கத்தில், மூட்டுக்கு மூட்டு சுவர் கோணலாக உடைந்து தெரியும். துண்டின் நீளத்தை 5 மீற்றராகக் குறைத்தால் அந்த விலகல் 1 சென்ரிமீற்றராகச் சுருங்கிவிடும்; துண்டின் நீளத்தை மாற்றும் கட்டளை மென்பொருளிலேயே உண்டு. அதே வளைவில் மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்துக்குச் சமநிலை தரும் வெளித்தண்டவாள உயர்வு, அதாவது உட்புறத் தண்டவாளத்தைவிட வெளிப்புறத் தண்டவாளம் உயர்ந்திருக்க வேண்டிய அளவு, 98 மில்லிமீற்றர். நான் 80 கொடுப்பேன். மீதி 18 மில்லிமீற்றர் பயணியின் உடலில் இலேசான சாய்வாக உணரப்படும், அது இயல்பானதே.

வெளிச்சத்தைப் பொறுத்தவரை, ஓட்டுநர் அறையின் ஒளி அளவை 0 முதல் 255 வரை இடத்துக்கு இடம் மாற்றலாம். நிலையத்தை நெருங்கும்போது அதைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். வளைவுக்கு அப்பால் நிலையம் இருந்தால், மேடை கண்ணில் படுவதற்கு முன் வெளிப்புறச் சுவரில் ஒரு வெளிறிய ஒளி படர வேண்டும். இதை ஒளிப்பதிவுகளில் பார்த்து, சுவரின் கடைசி சில துண்டுகளுக்கு மட்டும் வெளிறிய படம் ஒன்றைத் தனியாகத் தயாரித்தேன். என் பாதையில் எனக்கு மிகவும் பிடித்த இடம் அதுதான்.

ஓசைக்கு ஓர் எளிய வழி இருக்கிறது. சக்கரங்களின் ஓட்ட ஒலி தண்டவாளத்தின் வகை எண்ணுக்கேற்ப மாறும். ஒரே தண்டவாள உருவத்தை இரண்டு எண்களில் பதிவு செய்து, ஒன்றுக்குத் துளைத்த சுரங்கத்தின் ஒலியையும் மற்றதற்குப் பெட்டி வடிவச் சுரங்கத்தின் ஒலியையும் கொடுத்துவிடலாம். பார்வைக்கு வேறுபாடு தெரியாது, காதுக்குத் தெரியும். லண்டனின் ஆழ்சுரங்கங்களின் விட்டம் சுமார் 3.56 மீற்றர் மட்டுமே என்பதால் அங்கே ஓசை நெருக்கமாக அறையும். 1863இல் வீதியை வெட்டி மூடி அமைத்த மெட்ரோபொலிற்றன் பாதையின் அகன்ற சுரங்கத்தில் அது பரவிப்போகும்.

சமிக்ஞைகளில் ஒன்றை மட்டும் வற்புறுத்துவேன். மணிக்கு 60 கிலோமீற்றரில் வரும் ரயில், ஒவ்வொரு விநாடியும் அதன் வேகம் விநாடிக்கு ஒரு மீற்றர் வீதம் குறைந்தால், நிற்பதற்கு 139 மீற்றர் தேவை. வளைந்த சுரங்கத்தில் அவ்வளவு தூரம் தெரியாது. ஆகவே முன்னறிவிக்கும் மறுசமிக்ஞை ஒன்றை முன்னாலேயே வைத்துவிடுங்கள். முடிவு நிலையத்தில் இதைவிடக் கவனம் தேவை. 1975 பெப்ரவரி 28ஆம் திகதி லண்டனின் மூர்கேட் நிலையத்தில் ரயில் நிற்காமல் மேடையைக் கடந்து முட்டுச் சுரங்கத்தின் சுவரில் மோதி 43 பேர் இறந்தார்கள். அதன் பின்னரே முடிவு நிலையங்களுக்குள் நுழையும் ரயில்களின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் ஏற்பாடு அங்கே பரவலானது. என் கோட்டை நிலையத்தில் மேடைக்கு அப்பாலும் தண்டவாளத்தை நீட்டி, நுழைவில் படிப்படியான வேக வரம்புகளை வைத்திருக்கிறேன்.

உண்மையான பாதை ஒன்றை உருவாக்குவதானால், செய்மதிப் படத்தில் சுரங்கம் தெரியாது. ஓட்டுநர் அறையிலிருந்து எடுத்த ஒளிப்பதிவில் நிலையத்துக்கு நிலையம் ஆகும் நேரத்தையும், மோட்டார் ஒலி மாறும் கணங்களையும் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல் வேலையாக மூன்று நிலையங்களுக்கு மட்டும் பாதை போடுங்கள். சுவர் எதுவும் வைக்காமல், மேட்டு உச்சியிலுள்ள நிலையத்தில் பிரேக்கை விடுவித்து, மோட்டாரை இயக்காமல் ரயிலை இறக்கத்தில் உருள விடுங்கள். 3 மீற்றர் இறக்கத்தின் அடியில் வேகம் 27 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவாக இருந்தால் சரி. அதைத் தாண்டினால் சரிவு எண்களில் ஏதோ தவறு இருக்கிறது. மிகவும் குறைந்தால் ரயிலின் உராய்வு அளவைப் பாருங்கள். இந்த எண் பொருந்திய பிறகு சுவர்களை எழுப்பத் தொடங்கலாம்.