வழித்துணை – ஒரு கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயாவுக்கு,

வணக்கம். பயணம் மனிதரை விரிவாக்கும் என்று எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் நெடுநாளாக ஐயம் உண்டு. வேலை நிமித்தமாகப் பல நாடுகளுக்குப் போயிருக்கிறேன். விமான நிலையங்களும் விடுதிகளும் கூட்ட அரங்குகளும் மாறினவே தவிர, நான் போனபடியேதான் திரும்பினேன். என் உறவினர் சிலர் புனிதப் பயணம் போய்வந்தார்கள். பிற மதத்தாரைப் பற்றிய அவர்களுடைய பேச்சு அதன்பின் முன்பைவிடக் கடுமையாகிவிட்டது.

சென்ற ஆண்டு எனக்கு நேர்ந்தது வேறு. என் மதத்தைச் சேராத ஒரு தோழியுடன் சில வாரங்கள் பயணம் செய்தேன். அவளுடைய புனிதத் தலத்துக்கு நானும், என்னுடைய தலத்துக்கு அவளும் துணையாகப் போவது என்று ஏற்பாடு. இடையில் எனக்குக் கடுமையான காய்ச்சல். இரவெல்லாம் பக்கத்திலேயே இருந்தவள், விடியற்காலையில் என் தோளைத் தொட்டு, "நீ வழக்கமாகப் பிரார்த்தனை செய்யும் நேரம் இது. எழுப்பாமல் விட்டால் பிறகு வருத்தப்படுவாய்" என்றாள். அந்தப் பிரார்த்தனையில் அவளுக்கு நம்பிக்கை கிடையாது.

திரும்பி வந்தபின், அவளுடைய மதத்தாரைப் பற்றி எங்கள் வீட்டில் சாதாரணமாகப் பேசப்படும் பேச்சை என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. "உன் நம்பிக்கை தளர்ந்துவிட்டது" என்கிறார்கள் பெரியவர்கள். எனக்கும் அச்சமாகத்தான் இருக்கிறது. அவர்கள் சொல்வது சரியா? அவளுடன் மீண்டும் பயணம் செய்யலாமா, அல்லது சில காலம் விலகியிருந்து என் நம்பிக்கையை உறுதிப்படுத்திக்கொள்ள வேண்டுமா?

இப்படிக்கு,
பெயர் வெளியிட விரும்பாத ஒரு வாசகி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் ஐயம் நியாயமானது. இடம் மாறுவதால் மட்டும் எவருடைய பார்வையும் மாறிவிடுவதில்லை. அதிலும் இன்றைய பயணங்கள், வழியில் எவருடைய தயவும் நமக்குத் தேவைப்படாதபடி முன்கூட்டியே ஒழுங்கு செய்யப்பட்டவை. தங்குமிடமும் வாகனமும் புறப்படும் முன்பே முடிவாகிவிடுகின்றன. வழி கேட்பதற்குக்கூட ஒரு மனிதரிடம் வாய் திறக்க வேண்டியதில்லை. பணம் கொடுத்துப் பெறும் உபசரிப்பில் நாம் எவருக்கும் கடன்படுவதில்லை; எவரிடமும் கடன்படாதவர் தன் பழைய கருத்துகளை ஒரு கீறல்கூட விழாமல் திரும்பக் கொண்டுவந்து சேர்த்துவிடலாம்.

அமெரிக்கக் கறுப்பினத் தலைவர் மால்கம் எக்ஸின் வாழ்க்கையில் இதைத் தெளிவாகப் பார்க்கலாம். அவர் 1964-இல் ஹஜ் சென்றதும் அதன்பின் மாறியதும் பலரும் அறிந்த செய்தி. அதற்கு ஐந்து ஆண்டுகள் முன்பே, 1959-இல், அவர் எகிப்து, சூடான், சவூதி அரேபியா முதலிய நாடுகளுக்குப் போய்வந்தார் என்பது அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. பல நிறத்தவரும் ஒரே வரிசையில் நின்று தொழும் காட்சி அப்போதும் அந்நாடுகளில் இருந்தது. ஆயினும் திரும்பிவந்தபின், வெள்ளையர் பிறவியிலேயே தீயவர் என்ற தம் இயக்கத்தின் போதனையையே அவர் மேடைதோறும் முழங்கினார். 1959-இல் அவர் போனது அந்த இயக்கமான, அமெரிக்கக் கறுப்பின முஸ்லிம்களின் நேஷன் ஆஃப் இஸ்லாம் அமைப்பின் தலைவருடைய தூதராக. தூதராகப் போகிறவர் பேசுவதற்கென்று போகிறவர். அவர் சொல்ல வேண்டியதும் காண வேண்டியதும் பெரும்பாலும் புறப்படும் முன்பே வரையறுக்கப்பட்டிருக்கும்.

1964 மார்ச்சில் அவர் அந்த அமைப்பை விட்டு வெளியேறினார். ஏப்ரலில் ஜெத்தா விமான நிலையத்தில் இறங்கியபோது, அமெரிக்கக் கடவுச்சீட்டு வைத்திருக்கும் இவர் உண்மையில் முஸ்லிம்தானா என்ற ஐயத்தில் அதிகாரிகள் அவரைத் தடுத்துவிட்டார்கள். ஹஜ் நீதிமன்றம் விசாரித்து முடிவு சொல்லும்வரை, விமான நிலையத்தை ஒட்டிய யாத்திரிகர் விடுதியில் காத்திருக்க வேண்டியிருந்தது. அங்கிருந்தவர்களின் மொழி அவருக்குத் தெரியாது. அதைவிடச் சங்கடமான ஒன்றும் இருந்தது. பல ஆண்டுகள் பள்ளிவாசலின் தலைமைப் போதகராக இருந்த அந்த மனிதருக்கு, உலக முஸ்லிம்கள் நாள்தோறும் தொழும் முறை சரிவரத் தெரியாது. ஒரு வழிகாட்டி தம் உடலால் செய்துகாட்ட, அவர் பார்த்துப் பார்த்துச் செய்தார். காலை மடித்து அமரும் அந்த இருப்புக்கு அவருடைய கணுக்கால் பழகியிருக்கவில்லை, வலியில் தடுமாறினார். ஆயிரக்கணக்கானோரை எழுந்து நிற்க வைத்த பேச்சாளர், ஒரு சொல்கூடப் பேச வழியில்லாமல் சிறுபிள்ளையைப் போல மண்டியிடக் கற்றுக்கொண்ட அந்த விடுதி அறைதான், என் எண்ணத்தில், மெக்காவுக்கு முந்திய மெக்கா.

பிறகு, தம்மிடம் இருந்த ஒரு தொலைபேசி எண்ணில் உமர் அஸ்ஸாம் என்பவரை அழைத்தார். அவர் உடனே வந்து அழைத்துப்போனார். அவருடைய தந்தை அப்துல் ரஹ்மான் அஸ்ஸாம், அரபு நாடுகளின் கூட்டமைப்பான அரபு லீக்கின் முதல் பொதுச்செயலாளராக இருந்தவர், தமது விடுதி அறையையே இந்த முன்பின் அறியாத விருந்தினருக்கு விட்டுக்கொடுத்தார். அமெரிக்காவில் பார்த்திருந்தால் உமர் அஸ்ஸாமை வெள்ளையர் என்றே சொல்லியிருப்பார்கள் என்று மால்கம் எக்ஸ் பின்னர் குறிப்பிட்டார். தமக்கு உதவுவதால் இவர்களுக்கு என்ன ஆதாயம் என்று அவர் யோசித்துப் பார்த்திருக்கிறார், எதுவும் தென்படவில்லை. மெக்காவிலிருந்து எழுதிய கடிதத்தில், கண்டவையும் அனுபவித்தவையும் தம் பழைய எண்ணங்கள் பலவற்றை மாற்றி அமைக்கச் செய்துவிட்டன என்று எழுதினார்.

அவர் எதை விட்டார், எதை விடவில்லை என்பதைக் கவனியுங்கள். நிறத்திலேயே தீமை குடியிருக்கிறது என்ற கருத்தை விட்டார். அமெரிக்காவின் நிறவெறிக்கு எதிரான போராட்டத்தை, 1965 பிப்ரவரி 21 அன்று சுட்டுக்கொல்லப்படும்வரை, விடவில்லை. இறைநம்பிக்கையோ அந்தப் பயணத்தில் இன்னும் ஆழத்துக்குப் போனது.

தனி ஒருவரின் வாழ்க்கையை வைத்து எதையும் நிறுவிவிடலாமே என்று நீங்கள் கேட்கக்கூடும். பாகிஸ்தானில் 2006-ஆம் ஆண்டின் ஹஜ்ஜுக்காக நடந்த குலுக்கலை அடிப்படையாக வைத்து, பொருளாதார அறிஞர்கள் மூவர் ஓர் ஆய்வு செய்தார்கள். இடம் கிடைத்தவர்களும் கிடைக்காதவர்களும் குலுக்கலால் மட்டுமே பிரிக்கப்பட்டவர்கள் ஆதலால், இரு சாராரையும் ஒப்பிட்டால் பயணத்தின் விளைவைத் தனியே காணலாம். 1,600-க்கும் மேற்பட்ட விண்ணப்பதாரர்களிடம் விசாரித்ததில், போய்வந்தவர்கள் தொழுகையிலும் நோன்பிலும் முன்பைவிட உறுதியாக இருந்தார்கள். அதே மனிதர்கள்தான் பிற இனத்தாரோடும் பிற பிரிவினரோடும் இணக்கத்தை அதிகம் விரும்பினார்கள். பெண்கல்வியைக் கூடுதலாக ஆதரித்தார்கள். முஸ்லிம் அல்லாதவரிடமும் கூடுதல் சகிப்பு காட்டினார்கள். ஒன்று கூடினால் மற்றொன்று குறைந்தாக வேண்டும் என்ற உங்கள் வீட்டுப் பெரியவர்களின் கணக்கை இந்த ஆய்வு ஏற்கவில்லை. பக்தியும் பெருந்தன்மையும் ஒரே மனிதரில் சேர்ந்தே வளர்ந்திருக்கின்றன.

அப்படியானால் உங்கள் உறவினர்கள் ஏன் கடுமையானார்கள்? அவர்களை நான் அறியேன்; தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமையில்லை. ஆனால் பயணம் கடுமையை வளர்க்கவும் கூடும் என்பதில் ஐயமில்லை. எகிப்திய எழுத்தாளர் சையித் குத்ப் 1948-இல் எகிப்தியக் கல்வி அமைச்சகத்தால் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டு, 1950-இல் திரும்பினார். தாம் கண்ட அமெரிக்காவைப் பற்றி அவர் எழுதியதில் வீட்டுப் புல்வெளிகள் வருகின்றன, தேவாலயத்தில் நடந்த நடனம் வருகிறது, முடிதிருத்தம்கூட வருகிறது. மனிதர்களோ அருவருப்புக்குரிய காட்சிகளாகவே எஞ்சுகிறார்கள் என்பது என் வாசிப்பு. எவரையும் தூரத்தில் நிறுத்தியே பார்த்துத் திரும்புகிறவருக்கு, போகும்போது ஊகமாக இருந்த வெறுப்பு, திரும்பும்போது "நானே கண்ணால் கண்டேன்" என்ற சான்றோடு நிற்கிறது. போகாமலே இருந்தவரின் வெறுப்பைவிட அதைக் கரைப்பது கடினம்.

உளவியலாளர் கார்டன் ஆல்போர்ட் 1954-இலேயே இதைப் பற்றி எழுதியிருக்கிறார். இரு தரப்பினர் வெறுமனே அருகருகே இருப்பதால் முன்முடிவுகள் கலைந்துவிடுவதில்லை. சமமான நிலையில் நின்று, ஒரு பொது நோக்கத்துக்காகச் சேர்ந்து உழைக்கும்போதும், அதற்கு அமைப்புகளின் ஆதரவு இருக்கும்போதும்தான் கலைகின்றன என்றார். பின்வந்த ஆய்வாளர்கள் அந்தப் பட்டியலில் நட்புக்கான வாய்ப்பையும் சேர்த்தார்கள். என்னைக் கேட்டால், அதை முதலிலேயே வைப்பேன்.

ஏனென்றால், நம்மைத் திருத்தும் உரிமை நண்பருக்கு மட்டுமே உண்டு. 1904-இல் டெல்லிக்கு வந்த ஆங்கிலேயப் பாதிரியாரான சி.எஃப். ஆண்ட்ரூஸ், செயின்ட் ஸ்டீபன்ஸ் கல்லூரியில் சுஷில் குமார் ருத்ராவைச் சந்தித்தார். ருத்ராவும் கிறிஸ்தவர்தான், இருவருக்கும் நடுவே இருந்தது மதம் அன்று, ஆளும் இனம் ஆளப்படும் இனம் என்ற பிளவு. அந்நிய ஆட்சியில் வாழ்வது உள்ளிருந்து எப்படி இருக்கும் என்பதை ஆண்ட்ரூஸ் கற்றது அந்த நட்பில்தான். 1906-இல் கல்லூரி முதல்வர் பதவி காலியானபோது, ஆங்கிலேயருக்கே உரியது என்று கருதப்பட்டுவந்த அந்த இடத்துக்கு ருத்ராவே வரவேண்டும் என்று உறுதியாக நின்றார். 1914 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தில் இறங்கியதும் காந்தியின் காலைத் தொட்டு வணங்கினார். ஒரு வெள்ளையர் ஆசியர் ஒருவரை வணங்கியதை அங்கிருந்த வெள்ளையர்களால் பொறுக்க முடியவில்லை. அடுத்த ஆண்டு ஃபிஜிக்குப் போய், இந்திய ஒப்பந்தக் கூலிகளின் நிலையை நேரில் கண்டு அறிக்கை எழுதினார். எஞ்சியிருந்த ஒப்பந்தங்கள் 1920 ஜனவரி 1 அன்று ரத்தானதில் அவருடைய உழைப்புக்கும் பங்கு உண்டு. பார்வை மாறியது என்பதை நான் இப்படிப்பட்ட செயல்களைக் கொண்டுதான் நம்புகிறேன். பயணக் குறிப்பில் எழுதிவைக்கும் நெகிழ்ச்சிகள் எனக்குப் போதவில்லை. ஆண்ட்ரூஸ் 1940-இல் இறக்கும்வரை கிறிஸ்துவை நேசித்தவராகவே இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இனி உங்கள் அச்சத்துக்கு வருகிறேன். தாமஸ் மெர்டன் 1941-இல் கென்டக்கியின் ஒரு மடத்தில் சேர்ந்து, ஏறத்தாழ 27 ஆண்டுகள் அங்கேயே வாழ்ந்த கத்தோலிக்கத் துறவி. 1968 நவம்பரில் தர்மசாலாவில் தலாய் லாமாவை மூன்று முறை சந்தித்து, தியானத்தையும் துறவு வாழ்க்கையையும் பற்றி நெடுநேரம் உரையாடினார். டிசம்பர் 10 அன்று பாங்காக் அருகே இறந்தும்போனார். சிறுவயதில் தம் மதமே மிகச் சிறந்தது என்று எண்ணியிருந்ததாகவும், கிறிஸ்தவத்தின் உட்பொருளைத் தமக்குத் திறந்துகாட்டியவர் மெர்டன் என்றும் தலாய் லாமா பிற்காலத்தில் பலமுறை சொல்லியிருக்கிறார். ஒருவர் பௌத்தராகவும் மற்றவர் கத்தோலிக்கராகவுமே இருந்தார்கள். தம் மரபில் முழுமையாக ஊன்றி நின்றதனால்தான் அவர்களிடம் பரிமாறிக்கொள்ள ஏதோ இருந்தது.

நம் மதத்தோடு சேர்த்து, பிறரைப் பற்றிய ஒரு தொகுதிக் கருத்துகளும் நமக்குக் கைமாறி வருகின்றன. ஒன்றாக வந்ததால் இரண்டும் ஒன்றே என்று எண்ணிவிடுகிறோம். உங்களிடம் இப்போது தளர்ந்திருப்பது அந்தக் கருத்துகள் மட்டுமே. பெரியவர்கள் ஏதோ தளர்ந்திருப்பதைச் சரியாகவே கண்டுகொண்டார்கள். அது எது என்பதில்தான் பிழை. காய்ச்சலில் படுத்திருந்தபோது உங்களை எழுப்பிய தோழி, தான் நம்பாத ஒன்றை உங்களுக்காகக் காத்துத் தந்தாள். நீங்கள் பிரார்த்தனை செய்பவர் என்பதை அவள் உங்களின் பிரிக்க முடியாத பகுதியாக ஏற்றிருக்கிறாள். நம்பிக்கையைக் கரைக்க வந்தவர் இதைச் செய்யமாட்டார்.

இரண்டு இடங்களில் மட்டும் கவனமாக இருங்கள். முதலாவது, "அவள் மட்டும் அவர்களைப் போல் இல்லை" என்ற எண்ணம். நட்பையும் வைத்துக்கொண்டு பழைய முன்முடிவையும் காப்பாற்றிக்கொள்ள மனம் கண்டுபிடிக்கும் மிக எளிய வழி அது. தோழிக்குச் சலுகை தந்துவிட்டு, அவளை உருவாக்கிய மரபின் மீது பழைய தீர்ப்பை அப்படியே வைத்திருக்கிறது. அவள் உங்களை அப்படிப் பார்த்துக்கொள்ள எங்கே கற்றாள் என்று கேட்டுப்பாருங்கள். அவளுடைய தாயும், அவளுடைய வழிபாடும் அந்தப் பதிலில் வரக்கூடும். மற்றொன்று, எல்லா மதமும் ஒன்றுதான் என்று சொல்லிக் கடந்துபோவது. நல்ல மனத்தோடு சொல்லப்படுவதுதான், என்றாலும் அது அவளுடைய மதத்தை அறிந்துகொள்ளும் உழைப்பிலிருந்து நம்மை விடுவித்துவிடுகிறது. உங்கள் இருவருக்கும் கடவுளைப் பற்றியும் மரணத்தைப் பற்றியும் உண்மையான கருத்து வேறுபாடுகள் இருக்கும். அவற்றை வெளிப்படையாகப் பேச நட்பு இடம் தருகிறது என்றால், அந்த இடத்தைப் பயன்படுத்துங்கள்.

ஆகவே, விலகியிருக்க வேண்டாம். அடுத்த பயணத்தையும் அவளுடனே மேற்கொள்ளுங்கள். உங்கள் பிரார்த்தனையை ஒரு நாளும் விடாமல் மேற்கொள்ளுங்கள். வீட்டுப் பெரியவர்களோடு வாதிட்டு அவர்களை மாற்ற முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் பேசும் பேச்சு உங்களுக்கு வலிக்கிறது என்பதைப் பணிவாக, ஒவ்வொரு முறையும் சொல்லுங்கள். முடிந்தால் உங்கள் தோழியைச் சில நாள் வீட்டுக்கு அழைத்துத் தங்க வையுங்கள். காய்ச்சலில் உங்களைப் பார்த்துக்கொண்டவள் என்று சொல்லி அறிமுகம் செய்யுங்கள். மற்றதை அவர்களே அவளிடம் கேட்டுக்கொள்ளட்டும்.

அன்புடன்.